பிடிச்சாச்சு

அந்தக் கருவிக்கு அவர்கள் வீட்டில் வைத்த பெயர் மாப்பிள்ளை. பாய்மரப் படகின் பின்பக்கம், சுக்கான் சக்கரத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் சாம்பல் நிறப் பெட்டி அது. போக வேண்டிய திசையைக் காட்டிப் பொத்தானை அமுக்கினால், ஆள் தொடாமலே சக்கரத்தைப் பிடித்துப் படகை ஓட்டும். மனசிருந்தால் ஓட்டும் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் திடீரென்று முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். துடைத்து, தட்டிக்கொடுத்து, நாலு நல்ல வார்த்தை சொன்னால்தான் திரும்ப வேலைக்கு வரும். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து அதற்கு அந்தப் பெயரை வைத்த அன்று அண்ணனின் மனைவி வயிறு வலிக்கச் சிரித்தாள். "எங்க வீட்டுக்கு வாய்ச்ச மாப்பிள்ளைக்கு இது எவ்வளவோ தேவலை" என்று சொல்லிவிட்டுப் புருஷனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சிரிப்பெல்லாம் போன வருஷத்தோடு சரி. இப்போது அந்தப் பெட்டி முனகும் சத்தம் கேட்டாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் புருஷனைக் கடைசியாகப் பார்த்தது அந்தப் பெட்டிதான்.

நடந்தது இவ்வளவுதான். அண்ணனும் தம்பியும் படகை எடுத்துக்கொண்டு போனார்கள். ராத்திரி முழுக்கச் சக்கரம் பிடித்த தம்பி, விடிந்ததும் அண்ணனிடம் கொடுத்துவிட்டுக் கீழறையில் போய்ப் படுத்தான். அவன் விழித்து மேலே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பாய்கள் இரண்டும் காற்றை நிறைத்துக்கொண்டு நின்றன. படகு நூல் பிடித்த மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பொறுப்பாகச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனைக் காணவில்லை. படகைத் திருப்பித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே தேடினான். பிறகு மீட்புப் படகுகள் வந்து தேடின. ஒரு துண்டுத் துணிகூடக் கிடைக்கவில்லை.

விபத்து என்று சொல்லி அழுது முடித்திருக்கலாம். அப்படி முடிக்கவிடாமல் குறுக்கே நின்றது அந்தக் குடும்பத்தின் ஒரு பழக்கம்.

மாமனார் படகுத் தச்சர். நீளமான பலகைகளை இரண்டு மகன்களையும் இரண்டு முனையில் பிடிக்க வைத்துத் தூக்க வைப்பார். பட்டறை குறுகல். மூலை திரும்பும்போது இந்த முனையில் இருப்பவனுக்கு அந்த முனை தெரியாது. அதனால் ஒரு சட்டம் போட்டார். சுமையை விடுகிறவன் "பிடிச்சுக்கோ" என்று கூப்பிட வேண்டும். வாங்குகிறவன் "பிடிச்சாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் ஒரு விரலையும் எடுக்கக் கூடாது. பதில் வந்துவிட்டால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடாது. "அங்க என்னடா பார்வை? காதைத் தீட்டிக்கோ" என்பார். இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் அவர் கால் கட்டைவிரல் ஒன்று பலகைக்கடியில் நசுங்கிப் போயிருந்தது. அதனால் யாரும் அவரை எதிர்த்துப் பேசவில்லை.

பலகை போய்ப் படகு வந்தபோதும், மாமனாரே போய்ச் சேர்ந்த பிறகும் சட்டம் மட்டும் வீட்டில் இருந்தது. கல்யாணமான புதிதில், கொதிக்கிற பாத்திரத்தை நீட்டிய மாமியார் அவள் வாயைத் திறக்கும்வரை விடாமல் நின்றதைப் பார்த்து, இது என்ன பைத்தியக்கார வீடு என்று நினைத்தாள். கொஞ்ச நாளில் அவளும் சேர்ந்து பைத்தியமானாள். பால் தம்ளரைக் கொடுத்தாலும் அந்த இரண்டு வார்த்தை இல்லாமல் அவள் கை விடாது.

படகில் சட்டம் இன்னும் கறார். மாப்பிள்ளை ஓட்டிக்கொண்டிருந்தாலும் சரி, மேலே இருப்பவன் சக்கரத்தை விட்டு முன்பக்கம் போவதானால், கீழே இருப்பவனைக் கூப்பிட்டுப் பதில் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அவள் புருஷன் ஒருநாளும் இதை மீறியவர் இல்லை. ஆனால் தம்பி தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். "கூப்பிட்டிருந்தா ஒரே குரலுக்கு எந்திரிச்சிருப்பேன். அண்ணன் என்னைக் கூப்பிடவே இல்ல."

கூப்பிடாமல் போகிறவன் எதற்குப் போவான்? யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் போவான். ஊர் இப்படித்தான் பேசியது. மாமியார் இன்னும் ஒரு படி மேலே போய், மருமகளின் வாய்தான் மகனை விரட்டியது என்றார். கிளம்பிய அன்று காலையில் மகனுக்கும் மருமகளுக்கும் நடந்த சண்டை அவர் காதில் விழுந்திருந்தது.

சண்டைக்கான காரணத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. அவள் படகுகளுக்குப் பாய் தைக்கிறவள். பட்டறைத் தரையில் புது வெள்ளைத் துணியை விரித்து, அளந்து, வெட்டி வைத்திருந்தாள். இன்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்த மனுஷன் எண்ணெய்க் கையோடு அந்த வழியாக வந்து, தடுக்கி, துணிமேல் கையை ஊன்றினார். ஐந்து விரலும் பளிச்சென்று பதிந்தன. அவள் போட்ட கூச்சலில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் அவளை எரியவிட்டது. "போங்க! இந்த வீட்டுப் பக்கம் இனிமே வந்துடாதீங்க" என்றாள். பெண்டாட்டிகள் சொல்கிற பேச்சுதான், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் ஆறிப்போகிற பேச்சு. ஆறுவதற்கு அவர் வரவில்லை.

அன்றிலிருந்து மாமியார் அவள் கையிலிருந்து எதையும் வாங்குவதில்லை. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அவள் நகர்ந்த பிறகுதான் எடுத்துக்கொள்வார். அந்த வீட்டில் "பிடிச்சாச்சு" என்ற பேச்சே நின்றுபோயிற்று. மாமியாரிடம் சண்டைக்குப் போகவும் அவளுக்கு வாய் வரவில்லை. நான் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டுதான் போனாரா, இல்லை தவறி விழுந்தாரா? இது ஒன்று தெரிந்தால் போதும், மிச்ச வாழ்க்கையை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று இருந்தது.

படகை வேறொரு துறைமுகத்துக்காரர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கொண்டுபோய் விட இரண்டு பேர் வேண்டும். ஆளில்லாமல் ஓடிய படகு என்று பெயர் எடுத்திருந்ததால் துறைமுகத்தில் ஒருவரும் அதில் கால் வைக்கத் தயாரில்லை. கொழுந்தனோடு அவளே கிளம்பிவிட்டாள். படகு ஓட்ட அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் வந்தது அதற்கில்லை. அவர் கடைசியாக நின்ற இடத்தில் ஒருமுறை நிற்க வேண்டும் என்று வந்தாள்.

முன்பக்கம் இப்போது கட்டியிருந்த பாய், அந்தக் கறைத் துணியில் தைத்ததுதான். வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது, வெட்டி எறியவும் மனசு வரவில்லை. வெயிலுக்கு எதிரே விரியும்போது ஐந்து விரலும் மங்கலாகத் தெரிந்தன.

கொழுந்தனுக்குத் துறைமுகத்தில் தூங்குமூஞ்சி என்று பெயர். கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்தால்கூடக் குறட்டை விடுவான். அது பழைய கதை. இந்த ஒரு வருஷத்தில் தூக்கமில்லாமல் கண்கள் உள்ளே போயிருந்தன. கிளம்புவதற்கு முந்தின ராத்திரியும் இன்ஜினுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தான். மத்தியானம் ஆனபோது நின்றபடியே தள்ளாடினான்.

"போய்ப் படு. நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

"மாப்பிள்ளையை நம்பாதீங்க அண்ணி. காலையிலேர்ந்தே ஒரு மாதிரி முனகிட்டிருக்காரு."

"ஏதாச்சும்னா கூப்பிடறேன்."

"கண்டிப்பா கூப்பிடணும்." அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "ஒரே குரல் போதும்." படியிறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

மேலே அவள் தனியாக இருந்தாள். காற்று ஒரே சீராக அடித்தது. வெயிலும் புகை மாதிரி ஒரு மூட்டமும் சேர்ந்து, கடல் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. சக்கரம் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று தானாக அசைந்துகொண்டிருந்தது. அது மோட்டார் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அந்த அசைவு அவருடைய அசைவு மாதிரியே இருந்தது. அவரும் இப்படித்தான் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்காமல் தாலாட்டிக்கொண்டே ஓட்டுவார். அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பினால் எதிரே பாயில் ஐந்து விரல். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் மடியைப் பார்த்தாள்.

"என்னாலதான் போனீங்களா?" என்று கேட்டாள், வாய்விட்டு. "சொல்லித் தொலைங்களேன்."

முனகல் நின்றது.

சக்கரமும் நின்றது. முதுகுத்தண்டில் யாரோ ஈரக் கையை வைத்தது போல இருந்தது அவளுக்கு. பிறகுதான் வயர் கருகும் நாற்றம் வந்தது. பெட்டியின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. பொத்தானை அமுக்கினாள், தட்டினாள். "என் ராசா இல்ல, இன்னும் கொஞ்ச நேரம்" என்று கெஞ்சினாள். மாப்பிள்ளை ஒரேயடியாகக் கோபித்துக்கொண்டு விட்டார்.

பிடிக்க ஆளில்லாத படகு காற்றுக்கு எதிராக முகத்தைத் திருப்பியது. முன்பாய் காற்றை இழந்து படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அதன் கயிறு சாட்டை மாதிரி துள்ளிப் போய், முன்பக்கத் தளத்தில் இருந்த அறைமூடியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. அது அந்தப் படகின் பழைய கெட்ட குணம். அவள் புருஷன் அந்தக் கைப்பிடியைத் திட்டாத நாள் கிடையாது. ஒவ்வொரு தடவையும் யாராவது முன்னால் போய்க் கயிற்றை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால், மாட்டியிருந்ததற்கு ஒரு அடையாளமும் இருக்காது.

சக்கரத்தைப் பிடித்து வளைத்துப் பார்த்தாள். கயிறு மாட்டியிருக்கும்வரை பாய் அடங்காது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் வேறொரு சின்னச் சத்தம் அவள் காதில் விழுந்தது. தையல் விட்டுப்போகும் சத்தம். பாய் தைக்கிறவளுக்கு அது, பெற்ற பிள்ளையை யாரோ அறைகிற சத்தம். அதுவும் இந்தப் பாயை.

"தம்பி! பிடிச்சுக்கோ!" என்று கத்தினாள்.

"பிடிச்சாச்சு!"

உடனே வந்தது பதில். தெளிவாக, கணீரென்று, தூக்கக் கலக்கமே இல்லாமல். அது அவள் புருஷன் குரல்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே குரல்தான். போனில் பெற்ற தாயே ஏமாந்து போவார். அதை நினைவுபடுத்திக்கொள்ள அவளுக்கு ஒரு நொடி பிடித்தது. அதற்குள் இத்தனை வருஷப் பழக்கம் காலை இழுத்தது. பதில் வந்துவிட்டால் எட்டிப் பார்க்கக் கூடாது. அவன் மேலே வரும்வரை நிற்கட்டும் என்று சக்கரத்தை இறுக்கும் திருகை ஒரு முறுக்கு முறுக்கினாள், கையை விட்டாள், ஓடினாள். தண்ணீரில் விழாமல் இருக்க மாட்டும் இடுப்புக் கொக்கியைக் கம்பியில் மாட்டக்கூடத் தோன்றவில்லை.

முன்பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்து, கைப்பிடியில் சுற்றியிருந்த கயிற்றை உருவினாள். கயிறு விடுபட்டது. அந்த நேரத்தில் படகு மெல்ல மறுபக்கம் சாயத் தொடங்கியது. அவன் இப்போது சக்கரத்தைத் திருப்ப வேண்டும். திருப்பவில்லை.

"திருப்புடா!" என்று கத்திக்கொண்டே திரும்பினாள்.

சக்கரத்தில் யாரும் இல்லை. திருகு நழுவி, அது தன்பாட்டுக்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் வாயை மூடுவதற்குள் பாய் காற்றை வாங்கிக்கொண்டு டமாரென்று மறுபக்கம் பாய்ந்தது. கயிறு தோளில் அடித்தது. அடுத்த நொடி இடுப்புக்குக் கீழே தண்ணீர் இழுத்தது. ஓரக்கம்பி முழங்கை மடிப்பில் எப்படி அகப்பட்டது என்று அவளுக்குத் தெரியாது. அகப்பட்டது. அதில் தொங்கினாள்.

கீழே ஏதோ உருண்டு விழுந்தது. படியில் தடதடவென்று காலடி கேட்டது. கொழுந்தன் மேலே வந்து, சக்கரத்தைப் பாய்ந்து பிடித்து, படகைக் காற்றுக்கு நேரே திருப்பினான். படகு நிமிர்ந்தது. அவள் ஒரு காலைத் தூக்கிப் போட்டு, மூச்சிரைக்க உள்ளே உருண்டாள். தவழ்ந்து பின்பக்கம் வந்து சேர்ந்தபோது அவன் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு பக்கக் கன்னத்தில் தலையணைச் சுருக்கம் அப்படியே பதிந்திருந்தது.

"ஏன் அண்ணி என்னைக் கூப்பிடல?" அழுகையும் கத்தலுமாக வந்தது. "அண்ணன் மாதிரியே நீங்களுமா? ஒரே ஒரு குரல்! கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேனா?"

அவள் அவனையே பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை. அப்படியானால் பதில் சொன்னது யார்? காலியாகச் சுற்றிய சக்கரம் கண்ணுக்குள் வந்தது. அந்தக் கணீர்க் குரல் காதுக்குள் வந்தது. அவர்தான் என்று அவள் நிச்சயமாக நம்பினாள். தண்ணீருக்குள்ளிருந்து அவர்தான் பதில் சொன்னார் என்று, பல் கிட்டிக்க நம்பினாள்.

அப்புறம் அந்தக் கன்னத்துச் சுருக்கத்தை மறுபடி பார்த்தாள். மாமியார் நல்லபடியாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் சொன்ன ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது. சின்னவன் பள்ளிக்கூடம் போன நாட்களில், அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் "எந்திரிச்சிட்டேன்மா" என்று சத்தமாகப் பதில் வருமாம். போய்ப் பார்த்தால் ஆழ்ந்த தூக்கமாம். எழுப்பி உட்கார வைத்தால், எப்போது கூப்பிட்டாய் என்று அம்மாவிடமே சண்டைக்கு வருவானாம். வளர்ந்ததும் போய்விட்டது, ரொம்ப அலுத்துப்போய்ப் படுத்தால்தான் எப்போதாவது, என்று சொல்லிச் சிரித்தார்.

ராத்திரி முழுக்கச் சக்கரம் பிடித்துவிட்டு அலுத்துப்போய்ப் படுத்தவன். மேலே அண்ணன். கைப்பிடியில் மாட்டிய கயிறு.

அவர் கூப்பிட்டிருக்கிறார். பதில் கணீரென்று வந்திருக்கிறது. அப்பா சொல்லிக்கொடுத்தபடி எட்டிப் பார்க்காமல், பின்னால் தம்பி இருக்கிறான் என்ற தைரியத்தில் முன்னால் போயிருக்கிறார். விடுபட்ட கயிறு அவரையும் இப்படித்தான் அடித்துத் தள்ளியிருக்கிறது, பார்ப்பதற்குச் சக்கரத்தில் ஆள் இல்லை.

வெட்கமில்லாமல் சொல்ல வேண்டுமானால், முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். என்னை விட்டுப் போகவில்லை. திரும்பி வரத்தான் போனார். இந்தக் கடல் முழுக்கக் கேட்கிற மாதிரி அதைக் கத்த வேண்டும் போல இருந்தது. வீட்டுக்குப் போய் மாமியார் முன்னால் நின்று, "உங்க மகன் கூப்பிட்டாரு அத்தை, கூப்பிட்டுட்டுத்தான் போனாரு" என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அடிபட்ட வலியில் அழுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"அண்ணி." கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் இறங்கியிருந்தது. "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளு."

"எனக்கு ஒரு கனவு வருது. தினமும் அதே கனவு. அண்ணன் மேலேர்ந்து கூப்பிடறாரு. நான் பிடிச்சாச்சுன்னு சொல்றேன். சொல்லிட்டு, எந்திரிச்சு மேல வரேன். அவர் நின்னு சிரிச்சுக்கிட்டிருக்காரு. அதோட முழிப்பு வந்துடும்." அவள் முகத்தைப் பார்த்தான். "இப்பவும் வந்துச்சு. ஆனா இன்னிக்கு அண்ணன் குரல் இல்ல. உங்க குரல்."

சக்கரத்தைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"நிஜமாச் சொல்லுங்க. நீங்க என்னைக் கூப்பிட்டீங்களா?"

ஒரே ஒரு "ஆமா" போதும். மாமியார் நாளைக்கே அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொள்வார். ஊர் வாய் மூடிக்கொள்ளும். அதைக் கேட்ட பிறகு இவன்? இவனை எந்தத் தண்ணீருக்குள் போய்த் தேடுவது? இவனை நம்பித்தான் அவர் சக்கரத்தை விட்டுவிட்டுப் போனார். அந்தப் பதிலைக் கேட்டபோது அவருக்கு ஒரு சந்தேகமும் வந்திருக்காது.

"இல்லப்பா" என்றாள். "பாய் கிழியுதேன்னு பதறிப்போய் ஓடிட்டேன். கூப்பிடத் தோணல."

அவன் உடம்பிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி தோள் தளர்ந்தது. "அதானே" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கூப்பிட்டிருந்தா எந்திரிச்சிருப்பேன்."

"எந்திரிச்சிருப்பே. எனக்குத் தெரியாதா?"

அந்தப் பொய்யோடு இனி வீட்டுக்குப் போக வேண்டும். மேசைமேல் தட்டை வைத்துவிட்டு நகர வேண்டும். கடைசிவரை நகர வேண்டும். அதையெல்லாம் அவள் அப்போதே யோசித்துவிட்டாள். யோசித்துவிட்டு எழுந்து, கிழிந்த பாயை இறக்கிச் சுருட்டிக் கட்டினாள். இந்தத் தடவை இடுப்புக் கொக்கியை மாட்டிக்கொண்டு போனாள்.

கரை மங்கலாகத் தெரிய ஆரம்பித்தபோது அவனுக்கு மாப்பிள்ளையின் ஞாபகம் வந்தது. வயர் எங்கே கருகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றான். சக்கரத்தில் ஒரு கையை வைத்தபடியே குனிந்து பெட்டியின் மூடியைக் கழற்றத் தொடங்கிவிட்டான். முகம் பெட்டிக்குள் இருந்தது.

"பிடிச்சுக்கோங்க அண்ணி."

அவள் அருகில் போனாள். சக்கரத்தைப் பிடித்தாள். அவன் கைமேல் தன் கையை வைத்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அவன் காத்திருந்தான். "சொல்லுங்க அண்ணி."

"சொல்ல மாட்டேன்" என்றாள். "நிமிர்ந்து என் கையைப் பாரு. பார்த்துட்டு விடு."